சீமாட்டிக்கு ஒரு தொட்டி மணல்

மழை பிடித்துக்கொண்டதிலிருந்து சலவைக்கூடத்தில் எதுவும் ஒழுங்காகக் காயவில்லை. ஓட்டல் விரிப்புகள், ஆஸ்பத்திரி விரிப்புகள், தலையணை உறைகள், துவாலைகள் என்று ஈர மூட்டைகள் சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டன. பாய்லர் விடாமல் எரிந்தும் கூடத்துக்குள் ஒரு புழுங்கல் வாடை. மடித்து அடுக்கிய துணியைத் தொட்டால் விரல் நுனியில் ஈரம் தட்டுப்பட்டது.

நாள் முழுக்க எரிந்து விழ சலவையம்மாவுக்கு அது ஒன்றே போதும். தெருவே அவளைச் சலவையம்மா என்றுதான் கூப்பிடும். வெள்ளைத் துணி விஷயத்தில் அவள் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை. ஆனால் அன்று காலை எரிந்து விழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்தவள் தேய்ப்பு மேசைப் பக்கம் போகாமல் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"சீமாட்டி கண்ணத் தொறக்க மாட்டேங்குறா."

பாய்லருக்கு முன்னால் குந்தியிருந்த அவள் புருஷன் திரும்பிப் பார்த்தார். பாய்லர் அவர் பொறுப்பு. தீ, தண்ணீர், அழுத்தம் காட்டும் முள் எல்லாம் அவர் கண்பார்வையில்தான் இருக்கும்.

"தூங்குதோ என்னமோ."

"பகல்ல தூங்குற பழக்கம் எங்க இருக்கு அதுக்கு? வெளக்கப் போட்டா மொத ஆளா ஏறி வந்து குளிர் காய உக்காந்துக்கும். இன்னைக்குக் கூண்டோட அடியில கெடக்குறா. தண்ணி தெளிச்சேன், நாக்க நீட்டல. பூச்சியக் காட்டினேன், திரும்பிக்கூடப் பாக்கல."

துணி மடித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். மடிப்புக்காரி என்று பெயர். வாய் ஓயாது, கையும் ஓயாது.

"அக்கா, போன வாரம்தான உருண்டு தெரண்டு அழகா ஆயிட்டான்னு சொன்னீங்க? மஞ்சளும் நீலமுமா புள்ளி போட்டுக்கிட்டு, கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி இருக்கான்னீங்களே?"

"சொன்னேன். என் கண்ணே பட்டுடுச்சோ என்னமோ."

சீமாட்டி என்பது பச்சோந்தியின் பெயர். மகள் வைத்தது. ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று அந்தரத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அது கிளையில் வைக்கும். "சேத்துல கால் பட்டுடும்னு பயந்து நடக்குற சீமாட்டிம்மா இவ" என்று சொல்லி மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. நீராவிக் குழாய் மாடிச் சுவர் வழியாகப் போவதால் மகளின் அறை எந்த மழையிலும் கதகதப்பாக இருக்கும். பச்சோந்திக்கு அது தோதான இடம். வலைக்கூண்டு, விளக்கு, கிளைகள், ஒரு தொட்டிச் செடி எல்லாம் மகள் தன் சம்பளத்தில் வாங்கி வைத்தவை. மகள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பச்சோந்தி இருந்தது.

மகளுக்கு நெஞ்சில் கோளாறு. படுக்கையில் விழுந்த பிறகு அம்மாவும் அப்பாவும் முறைபோட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு நாள் சலவையம்மா ஓட்டலுக்குத் துணி வண்டியோடு போயிருந்தாள். முறை அவருடையது. கீழே பாய்லர் விசில் அடித்தது. அழுத்தம் எல்லை மீறினால் அடிக்கிற விசில் அது, அலட்சியம் செய்தால் கட்டடமே போய்விடும். அவர் ஓடி இறங்கினார். வால்வைத் திறந்து, தீயைத் தணித்துவிட்டு ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சலவையம்மா வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க எங்க இருந்தீங்க?" அவர் கரி படிந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. சாப்பாடு போட்டாள், அவர் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள், அவருக்குக் காய்ச்சல் வந்தபோது வாயைத் திறக்காமல் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இந்த வீட்டுல சீக்குன்னு படுத்தவங்கள இனிமே தனியா விடக்கூடாது" என்று மட்டும் ஒரு தடவை சுவரைப் பார்த்துச் சொன்னாள். அந்தச் சொல் யாருக்கு என்று அவருக்குத் தெரியும். குடித்தனம் எப்போதும்போல நடந்தது. மன்னிப்பு மட்டும் நடக்கவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"கெளம்பு, டாக்டர்கிட்டக் கொண்டு போவோம்" என்றார் அவர்.

"பச்சோந்திக்கெல்லாம் டாக்டர் இருக்காங்களா?" என்று மடிப்புக்காரி வாயைப் பிளந்தாள். "என் மாமியாருக்குப் பல்லு வலின்னு ஒரு மாசமா அலையுறேன், ஒரு டாக்டர் அகப்படல."

"உன் மாமியாருக்குப் பல்லு சரியானா உனக்குத்தான் கஷ்டம்" என்றார் அவர். மடிப்புக்காரி சிரித்தாள். சலவையம்மா சிரிக்கவில்லை. ஒரு துணிக்கூடையில் துவாலையை விரித்து, சீமாட்டியை இரண்டு கையாலும் எடுத்து வைத்து, மேலே தலையணை உறையைப் போட்டு மூடினாள். எடுக்கும்போது சீமாட்டியின் விரல்கள் அவள் கையைப் பிடிக்கவில்லை. எப்போதும் குறடு மாதிரி பிடிக்கிற விரல்கள்.

மிருக டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். சீமாட்டியை உள்ளங்கையில் வைத்து வயிற்றை இரண்டு விரலால் மெல்லத் தடவினாள். தடவிக்கொண்டிருந்தவள் முகம் மாறியது.

"யாரு வளக்குறீங்க?"

"எங்க பாப்பா."

"அவங்க வரலையா?"

"இல்ல" என்றாள் சலவையம்மா. அவர் சுவரில் தொங்கிய நாய்ப்படத்தைப் பார்த்தார்.

"மண்ணத் தோண்டப் பாத்துச்சா இது?"

"தோண்டும் டாக்டரம்மா. கொஞ்ச நாளாவே தொட்டிச் செடியில எறங்கி மண்ணப் பிறாண்டி வெளிய எறைச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் மண்ணெல்லாம் வாரி எடுத்துட்டு, செடியச் சுத்திக் கூழாங்கல்லு போட்டு இறுக்கிட்டேன். சுத்தமா இருக்கட்டும்னு."

டாக்டர் சீமாட்டியைத் துவாலைமேல் மெல்ல இறக்கி வைத்தாள்.

"வயிறு நெறைய முட்டைம்மா."

"முட்டையா! ஆணே கெடையாதே டாக்டரம்மா, கூண்டுல ஒத்தையாத்தான இருக்கா!"

"கடையில வாங்குற கோழி முட்டைக்கெல்லாம் அப்பனா இருக்கு?" என்று அவர் இடையில் புகுந்தார். சலவையம்மா பார்த்த பார்வையில் அடங்கிப்போனார்.

"அவர் சொல்றது சரிதாம்மா. பொரிக்காத முட்டைதான், ஆனா வெளிய வந்தே ஆகணும். மண்ணுல குழி தோண்டி, போட்டு, மூடிட்டுத்தான் வரும். எடம் கெடைக்கலேன்னா உள்ளயே அடக்கி வச்சுக்கும். இது ரொம்ப நாளா அடக்கி வச்சிருக்கு. மஞ்சளும் நீலமுமா புள்ளி வந்திருக்குமே, அந்தக் கலரே முட்டை உண்டானா வர்ற கலருதான்."

மண் என்றால் அந்த வீட்டுக்கு ஜென்மப் பகை. வாசலில் தொட்டி கட்டி, கால் கழுவாமல் ஒரு ஈ காக்கையை உள்ளே விடமாட்டாள். ரத்தக் கறை பச்சைத் தண்ணீருக்கு இளகும், துருக் கறை எலுமிச்சைக்கு இளகும். மண் கறையைக் கவனிக்காமல் அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டால் துணி கிழிகிறவரை அது போகாது என்பது அவள் தொழிலில் அடிபட்டுக் கற்ற பாடம். அந்தப் பாடத்தைக் கொண்டுபோய் ஒரு வாயில்லாத ஜீவன் தலையில் போட்டிருக்கிறாள்.

"அறுத்து எடுக்க முடியாதா?" என்றார் அவர்.

"இப்ப இருக்குற நெலமையில மயக்க மருந்தே தாங்காது. ஊசி போட்டிருக்கேன். சத்து மருந்து தரேன், துளித்துளியா வாயோரம் விடுங்க. ஆழமான தொட்டியில ஈர மணல் போட்டு உள்ள விடுங்க. பிடிச்சா பிடியாகணும், விரல விட்டா ஓட்டை இடியக்கூடாது, அந்தப் பதம். இன்னொண்ணு, அதுதான் முக்கியம். கூண்டச் சுத்தித் துணிய மறைச்சிடுங்க. தோண்டறப்ப யாரும் பாக்கக்கூடாது."

"பக்கத்துல ஆள் இருக்கலாம்ல? ஒரு ஓரமா?"

"வேண்டாம்மா. ஆள் இருக்குறது தெரிஞ்சாலே பாதியில விட்டுட்டு ஏறிடும். மறுபடி ஒரு குழி தோண்ட அதுகிட்டத் தெம்பு கெடையாது. சத்தம், அதிர்வு எதுவும் வேண்டாம். தனியா விட்டுடுங்க. அதுதான் நீங்க இப்ப பண்ணக்கூடிய வைத்தியம்."

தனியா விட்டுடுங்க. திரும்பி வரும் வழியெல்லாம் சலவையம்மா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மழை குடையை மீறி முதுகில் அடித்தது.

அடுத்த தெருவில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கொத்தனாரிடம் கேட்டு அவர் இரண்டு சாக்கு மணலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றார். பழக்கம் அப்படி.

"உள்ள வாங்க" என்றாள் சலவையம்மா.

"மண்ணுடி."

"தெரியுது, வாங்க."

படிக்கட்டு முழுக்கப் பழைய விரிப்புகளை அவளே விரித்தாள். ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியை மாடிக்கு ஏற்றி, மணலைக் கொட்டி, துணிக்குத் தெளிக்கிற பாட்டிலால் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார் அவர். ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் தெளித்தார். மறுபடி விரலை விட்டு எடுத்தார், ஓட்டை நின்றது. "பதம் வந்துடுச்சு" என்று நிமிர்ந்து அவளைப் பார்த்தபோது அந்த முகத்தில் சின்னப் பிள்ளையின் பெருமை தெரிந்தது. சலவையம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

தொட்டியைக் கூண்டுக்குள் இறக்கி, சீமாட்டியை மணல்மேல் விட்டார்கள். ஓட்டலுக்குப் போகவேண்டிய விரிப்புகளில் ஆகப் புதிதாக ஒன்றை எடுத்து, சலவையம்மா கூண்டைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டினாள். உள்ளே விளக்கு எரிந்ததால் வெள்ளைத் துணி மஞ்சளாகத் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் இறங்கினார்கள்.

முதல் நாள் அவள்தான் கெடுத்தாள்.

மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்தாள். தேய்த்த உறையையே மறுபடி தேய்த்தாள். ஒரு துவாலையின் ஓரத்தைப் பழுப்பாக்கினாள். அப்படி அவள் கையில் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மடிப்புக்காரி பார்த்தும் பாராததுபோல இருந்தாள். "காபி போட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டு சலவையம்மா மாடியேறினாள். அடுப்படிக்குப் போகவில்லை. மகளின் அறைக் கதவை ஓசையில்லாமல் தள்ளினாள். உள்ளே சரக், சரக் என்று மணல் கீறுகிற சத்தம். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தோண்டுறா! என் தாயே, தோண்டுறா! ஒரே ஒரு கணம், ஒரு நூல் அளவுக்கு விரிப்பை விலக்கிப் பார்த்தாள்.

சீமாட்டி தலைகீழாக மணலுக்குள் பாதி போயிருந்தாள். சத்தம் நின்றது. பின்னுக்கு வந்தாள். கூம்பு மாதிரி துருத்திய ஒரு கண் மெல்லச் சுழன்று திரும்பி, நேராகச் சலவையம்மாவைப் பார்த்தது. அப்படியே கொஞ்ச நேரம். பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி, நடுங்கி, நடுங்கி, கிளையில் ஏறிப் போய் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். உடம்பு கரியாகக் கறுத்துப்போயிற்று.

சாயங்காலம் அவள் புருஷனிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நான் பாத்துட்டேன். தோண்டிக்கிட்டு இருந்தா. என்னப் பாத்ததும் ஏறிட்டா."

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். டாக்டர் அவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியும் ஏன் போனே என்று கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சரி விடு. யாருக்குத்தான் மனசு கேக்கும்? நாளைக்குத் தோண்டுவா."

அவ்வளவுதான். அவர் அதை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். சலவையம்மா தன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் மழை இன்னும் கனத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, விரிப்பு இல்லாமல் கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். பாய்லரை முழு வேகத்தில் எரித்தால்தான் உண்டு. விடிந்ததும் சீமாட்டி வாயில் மருந்தைத் துளித்துளியாக விட்டுவிட்டு, விரிப்பைக் கட்டி, கதவைச் சாத்தினார்கள். கண்கள் உள்வாங்கிக் கிடந்தன. இன்று தோண்டாவிட்டால் நாளை என்று ஒன்று இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இன்னைக்கு நான் ஏறமாட்டேன். இந்த மேசைய விட்டு நகந்தா என்னன்னு கேளு" என்றாள் சலவையம்மா, மடிப்புக்காரியிடம்.

"கேக்குறதா? காலப் பிடிச்சுக் கட்டிப்போட்டுடுறேன்க்கா."

"பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு."

மடிப்புக்காரிக்கு இதைவிடப் பிடித்த வேலை வேறு எது? மாமியாரின் பல்லில் ஆரம்பித்து, அடுத்த வீட்டுக்காரி புதிதாக வாங்கிய அலமாரி படியேறாமல் தெருவில் நின்ற கதை வரைக்கும் போனாள். சலவையம்மா விரிப்பை உதறினாள், போட்டாள், இழுத்தாள், அழுத்தினாள். நீராவி முகத்தில் அடித்தது. ஒரு விரிப்பு முடிந்தால் அடுத்தது. சீமாட்டி தனியாக இருக்கிறாள் என்று நெஞ்சு சொன்னது. இருக்கட்டும் என்று கை தேய்த்தது. அடிக்கடி கண் படிக்கட்டுக்குப் போகப் பார்த்தது, நீராவி மூட்டத்தில் படியே தெரியவில்லை.

அப்போதுதான் விசில் அடித்தது.

ஒரு வருஷமாக அடிக்காத விசில். கூடமே கிடுகிடுத்தது. சுவரில் ஏறிப்போகும் குழாய் தடதடவென்று ஆடியது. மடிப்புக்காரி கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு, "ஐயோ அக்கா, அண்ணன் எங்க? அண்ணன் எங்க?" என்று கத்தினாள்.

பாய்லருக்கு முன்னால் முக்காலி மட்டும் இருந்தது. அவர் இல்லை.

"ஏங்க! ஏங்க!" பதில் இல்லை. விசில் நிற்கவில்லை. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கியது. சலவையம்மா அந்த வால்வைத் தொட்டதே கிடையாது. மகள் போன நாளிலிருந்து அதை ஏறிட்டுப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்காது. ஈரத் துவாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு திருகினாள். நீராவி சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. மடிப்புக்காரி அடுப்பிலிருந்த தீக்கட்டைகளை வெளியே இழுத்துத் தள்ளினாள். விசில் இழுத்து இழுத்து அடங்கிற்று. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

அவர் எங்கே இருப்பார் என்று சலவையம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. படியேறினாள். கோபத்தில் காலடி எவ்வளவு சத்தமாக விழுந்தது என்பது பாதிப் படியில்தான் உறைத்தது. பிறகு மெல்ல ஏறினாள்.

அறைக்குள், தரையில், வெள்ளை விரிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்த முகம். காலை மடக்கி, கையை மடியில் வைத்து, மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல். அவளைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார்.

"பாக்கல. சத்தியமாப் பாக்கல" என்றார் மூச்சுக் குரலில். "முதுகக் காட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

"விசில் கேக்கலையா உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா எறங்கி வரல? கீழ ரெண்டு பேரு இருக்கோம். வெடிச்சிருந்தா?"

அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"போன தடவ எறங்கிப் போனேன்ல" என்றார்.

சலவையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில், அவரைப்போலவே கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கதவடியிலிருந்து மடிப்புக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனாள்.

"தோண்டிக்கிட்டுத்தான் இருந்தா" என்றார் அவர். "நான் ஏறி வந்ததுலேர்ந்து சத்தம் கேட்டுச்சு. நல்லாத் தோண்டினா. விசில் அடிச்சதும் நிறுத்திட்டா. இந்தக் கொழாய் ஆடுச்சுல்ல, அதுல பயந்துருப்பா. மறுபடி ஆரம்பிப்பா."

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மழை. நீராவிக் குழாய் குளிர்ந்து டக், டக் என்றது. விரிப்புக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றார்.

"என்ன?"

"அன்னைக்கு விசில் அடிச்சப்ப நான் எந்திரிக்கல. பாப்பா கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அவதான் கைய உருவிக்கிட்டா. 'கீழ மடிப்பக்கா இருக்காங்கப்பா, போப்பா, போயி நிறுத்து'ன்னா. ரெண்டு தடவ சொன்னா. நான் போனேன்."

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"சொன்னா, பழியத் தூக்கி அவ தலையில போட்ட மாதிரி ஆயிடும். எங்கிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

சலவையம்மா நம்பினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் கையை உருவிக்கொள்வது மகளின் குணம்தான். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போதுகூட அப்படித்தான் உருவிக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்தால், "என்னையே பாத்துக்கிட்டு இருக்காதம்மா, போய் வேலையப் பாரு" என்று கடைசி நாட்களில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அதையெல்லாம் நோயின் சலிப்பு என்று இவள் நினைத்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் ஒரு வருஷமாகக் கெட்டித்துக் கிடந்தது எங்கோ ஓர் ஓரத்தில் விட்டுக்கொடுத்தது. அவள் அழுதாள். சத்தம் வரக்கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அப்படியே எவ்வளவு நேரம் போயிற்றோ. கீழே ஆஸ்பத்திரி ஆள் வந்து கத்துவதும், மடிப்புக்காரி பதிலுக்கு அவரைவிடச் சத்தமாகக் கத்தி அனுப்பி வைப்பதும் கேட்டது. ஜன்னலில் வெளிச்சம் குறையத் தொடங்கியது. மணல் கீறுகிற சத்தம் வரவேயில்லை.

"நான் பாக்குறேன்" என்றாள் சலவையம்மா கடைசியில். "நீங்க வராதீங்க. திரும்பாம உக்காந்திருங்க."

விரிப்பின் ஒரு முனையை அவிழ்த்து, தலையை உள்ளே நுழைத்து, தனக்குப் பின்னால் மறுபடி மூடிக்கொண்டாள்.

சீமாட்டி கிளையில் இல்லை. மணல்மேல், தொட்டியின் விளிம்பைப் பார்த்து, ஒரு முன்கையை நீட்டியபடி கிடந்தாள். கறுப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் போய் வெளிறிய சாம்பல் நிறம். சலவையம்மா விரலால் தொட்டாள். விளக்குச் சூட்டில் தோல் கதகதப்பாக இருந்தது, உள்ளே உயிர் இல்லை. வயிறு அப்படியே பெருத்திருந்தது. தொட்டிக்கு நடுவில் குழி. நல்ல ஆழம், சாய்வாக, சுவர் இடியாமல், கைதேர்ந்த ஆள் தோண்டினதுபோல. எட்டிப் பார்த்தாள். குழிக்குள் ஒரு முட்டைகூட இல்லை. பாதியில் விட்டிருக்கிறாள்.

"என்னடி ஆச்சு?" என்றது விரிப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல். "போட்டுட்டாளா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விசிலுக்கு நான் எறங்கிப் போயிருக்கணும், இல்ல? நான் போயி ஒடனே நிறுத்தியிருந்தா இவ பயந்துருக்கமாட்டா. சொல்லு. போனாலும் தப்பாப் போயிடுது, போகலைன்னாலும் தப்பாப் போயிடுது எனக்கு. சொல்லுடி."

சலவையம்மா அந்தக் குழியையே பார்த்தாள். எத்தனையோ வருஷமாக வெள்ளைத் துணியில் ஒரு துளி மண் படவிடாமல் காத்த கை அது. அந்தக் கையை மணலுக்குள் விட்டாள். ஓரத்து மணலை அள்ளி அள்ளிக் குழிக்குள் தள்ளினாள். சத்தம் வராமல் தள்ளினாள். நிரப்பி, தட்டி மெத்தி, உள்ளங்கையால் இழுத்து இழுத்து, ஒரு சுருக்கமில்லாமல் சமன் செய்தாள். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைதான். சீமாட்டியின் நீட்டிய கையை மடக்கி வைத்தாள்.

பிறகு விரிப்பை அவிழ்த்துவிட்டாள்.

"போட்டுட்டா" என்றாள். "பாருங்க, போட்டு, மூடி, எப்பிடி மெத்தி வச்சிருக்கான்னு. விசிலெல்லாம் அவள ஒண்ணும் பண்ணல. வேலைய முடிச்சுட்டுத்தான் போயிருக்கா. ஒடம்புல மிச்சம் இல்ல, அவ்வளவுதான்."

அவர் திரும்பினார். சீமாட்டியைப் பார்த்தார். சமனாக இருந்த மணலை வெகுநேரம் பார்த்தார்.

"வயிறு பெருசா இருக்கே."

"ஊதியிருக்கு. இனிமே அத நோண்டாதீங்க, அப்படியே இருக்கட்டும்."

"அப்ப என்னால இல்லையா?"

"இல்ல" என்றாள் சலவையம்மா. குரல் உடைந்தது. உடைந்தாலும் சொல்லி முடித்தாள். "உங்களால இல்ல. அன்னைக்கும் உங்களால இல்ல. அவதான போகச் சொன்னா."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். ஒரு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவள் இடது கையை அவர் முதுகில் வைத்தாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

இருட்டுவதற்கு முன்னால் இருவரும் இறங்கி வந்தார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகள் அப்படியே குவிந்து கிடந்தன. மடிப்புக்காரி இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் டீ வைக்கப் போனாள். சலவையம்மா பழக்கத்தில் மேசைக்குப் போய் ஒரு விரிப்பை உதறிப் போட்டாள். அதைத் தடவி விடக் கையை நீட்டியவள் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா" என்று வாசல் தொட்டிக்குக் கூட்டிப்போனார். குவளையில் தண்ணீர் மொண்டார். "கையக் காட்டு."

அவள் கையைக் காட்டினாள். நகத்தடியிலும் விரலிடுக்கிலும் மணிக்கட்டு வரையிலும் ஈர மணல் அப்பியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வாயெடுத்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார்.

தண்ணீரை மெல்ல ஊற்றினார். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகத்தடி மணலைத் தன் கட்டைவிரலால் நெருடி நெருடிக் கழுவிவிட்டார். மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது.